இரண்டு பேருக்குக் குறையாமல்

ஜூன் 9, திங்கள்

பல வருஷங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நான் கொரியத் தீபகற்பத்தின் தட்பவெப்பம் நடத்திக்கொண்டிருந்தேன். அங்கே குளிர்காலத்தில் காய்கறி விளையாது, அதனால் கோஸை உப்பும் மிளகாயும் சேர்த்து ஊறவைத்துப் பானையோடு மண்ணில் புதைத்துவிடுவார்கள் என்று சொன்னேன். மரகதவல்லி எழுந்து, "நீங்க அங்க போயிருக்கீங்களா சார்?" என்றாள். இல்லை என்றேன். "அதச் சாப்பிட்டுப் பாத்திருக்கீங்களா?" அதுவும் இல்லை. "அப்பறம் எப்படி சார் இவ்ளோ உறுதியா சொல்றீங்க?" வகுப்பே சிரித்தது. புத்தகத்தில் இருக்கிறது, உட்கார் என்றேன்.

இன்று அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டதற்குக் காரணம் குணவதி. என் மனைவி. மார்ச் மாதத்திலிருந்து அவள் வாயால் எதுவும் சாப்பிடுவதில்லை. உணவுக்குழாயில் கட்டி. வயிற்றில் துளையிட்டு ஒரு ரப்பர் குழாய் வைத்திருக்கிறார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கஞ்சியை இரண்டு தடவை வடிகட்டி, ஊசி போடாத பெரிய சிரிஞ்சில் எடுத்து, அதன் வழியாக ஊற்றுகிறேன். இருநூறு மில்லி. பிறகு ஐம்பது மில்லி வெந்நீர். செய்யச் செய்யக் கை பழகிவிட்டது.

மற்ற நேரமெல்லாம் அவள் போனில் தமிழில் குரல் கொடுத்த கொரியத் தொடர்களைப் பார்க்கிறாள். அதில் எல்லோரும் எந்நேரமும் சாப்பிடுகிறார்கள். அழும்போதுகூட. மதியக் கஞ்சி முடிந்ததும் சொன்னாள், "நம்ம ரோட்லயே நாலு கொரியா ஓட்டல் வந்துடுச்சாமே. போய்ச் சாப்ட்டு வந்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

நீ பட்டினி கிடக்கும்போது நான் ஓட்டலுக்குப் போவதா என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த நோட்டை இன்று தொடங்குகிறேன். யாரோ எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டால்தான் எனக்கு எழுத வரும். அது தொழில் பழக்கம்.

ஜூன் 12, வியாழன்

போனேன். சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் போகும் வழியில், டயர் கடைக்கு மேல் மாடி. பலகையில் வட்டமும் கோடுமாக எழுத்து. உள்ளே தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் கொரியர்கள் மேஜை மேஜையாக உட்கார்ந்திருந்தார்கள். தனியாக வந்தவன் நான் ஒருவன்தான்.

பரிமாறுகிற பெண் மிசோரத்துக்காரி. ரெமி என்று பெயர். முப்பது வயது இருக்கும். நான்கு வருஷத் தமிழ். சோற்றின்மேல் காய்களை வட்டமாக அடுக்கி நடுவில் முட்டை வைத்த ஒரு கிண்ணத்தைப் படத்தில் காட்டிக் கேட்டேன். அது வருவதற்கு முன்பே ஆறு சின்னக் கிண்ணங்கள் வந்தன. நான் கேட்கவில்லை, பக்கத்து மேஜைக்கு உரியது என்று திருப்பி அனுப்பினேன். மறுபடியும் வந்தன. மறுபடியும் அனுப்பினேன். மூன்றாம் தடவை ரெமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சார், இது கறிவேப்பில மாதிரி. கேக்க வேணாம். தானா வரும்," என்றாள்.

இதைச் சொன்னதும் குணவதி சிரித்தாள். இப்போது அவள் சிரிப்பில் சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கும். பிறகு பரீட்சை ஆரம்பித்தது. அவள் இருபத்தாறு வருஷம் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்தவள். தினமும் பதினொன்றரை மணிக்கு உள்ளங்கையில் சாம்பாரை ஊற்றி நக்கிப் பார்த்து, முந்நூறு பிள்ளைகளுக்கு உப்பு சரியா என்று தீர்ப்புச் சொன்னவள்.

"கோஸ் ஊறுகாய் எப்படி?"

"புளிப்பு."

"எந்தப் புளிப்பு? புளி புளிப்பா, மோர் புளிப்பா, மாங்கா புளிப்பா?"

முழித்தேன். "பழைய சோத்துத் தண்ணி புளிப்பு," என்றேன் கடைசியில். "அதுல மிளகாத்தூள். முடியறப்ப கோலி சோடா மூக்குல ஏறுமே, அந்த மாதிரி ஒரு சுருக்கு."

கண்ணை மூடிக்கொண்டாள். தாடை மெல்ல அசைந்தது. வாயில் ஊறியதைப் பஞ்சில் ஒற்றி எடுத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

குழாய் அடைத்துக்கொண்டது. வெந்நீர் விட்டுச் சரிசெய்தேன். முக்கால் மணி நேரம்.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பத்து நிமிஷம் பேசினார். கேட்டுக்கொண்டேன். வலி மாத்திரையின் அளவை மாற்றியிருக்கிறார். கஞ்சிக்கான சத்துமாவில் கேழ்வரகு வேண்டாமாம், குழாயில் படிகிறது.

அங்கிருந்து குணவதியை ஆட்டோவில் வீட்டுக்கு அழைத்து வந்து படுக்கவைத்து, பக்கத்து வீட்டம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு மாடிக் கடைக்குப் போனேன். அவள்தான் போகச் சொன்னாள். இன்று குளிர்ந்த நூடுல்ஸ். குழம்பில் ஐஸ் மிதக்கிறது. ரெமி கத்தரிக்கோலால் கிண்ணத்துக்குள்ளேயே வெட்டிவிட்டாள்.

குணவதிக்குச் சொன்னேன்: வெயிலில் விளையாடிவிட்டு வந்து பள்ளிக்கூடக் குழாயில் வாய் வைத்துக் குடிப்போமே, அந்த முதல் இழுப்புப் போல இருக்கிறது.

"அது தண்ணி ருசி. குழம்பு ருசி என்ன?"

அது எனக்கு நினைவில்லை. அரைக் கிண்ணத்துக்குமேல் இறங்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.

ஜூன் 25, புதன்

ஒரு தவறு செய்துவந்திருக்கிறேன். நல்லது என்று நினைத்து.

அந்தக் கடையில் மேஜைக்கு மேஜை அடுப்பு. கறி சுடும் புகை துணியில் பிடித்துக்கொள்ளும். அதனால் புறப்படும்போது ரெமி ஒரு குப்பியிலிருந்து சட்டையில் ஏதோ பீய்ச்சுவாள், வாசனை போய்விடும். போதாததற்கு வீட்டுக்கு வந்ததும் நான் பின்கட்டில் சட்டையைக் கழற்றி நனைத்துவிட்டு, சோப்புப் போட்டு முகம் கழுவிக்கொண்டுதான் அவளிடம் போவேன். உணவு வாசனை பட்டால் அவளுக்குக் குமட்டும், ஏக்கமாகவும் இருக்கும் என்பது என் கணக்கு.

இன்று கேட்டாள், "சட்டைய எங்க?"

நனைத்துவிட்டேன் என்றேன்.

"மூக்கு நல்லாத்தானே இருக்கு எனக்கு. அதுக்கும் குழா போட்டுட்டாங்களா?"

ஆறு தடவை போய் வந்திருக்கிறேன். ஆறு தடவையும் அவளுக்குக் கிடைக்கக்கூடிய ஒன்றைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வாயால் பாடம் நடத்தியிருக்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

பன்றி இறைச்சி. எங்கள் வீட்டில் இதுவரை அந்தப் பேச்சே கிடையாது. ஆனால் அவள் பார்க்கிற தொடர்களில் எல்லோரும் அதைத்தான் சுடுகிறார்கள். இலையில் வைத்து மடித்து ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டுகிறார்கள். "வாத்தியாரே, ஊர்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். போய்ச் சாப்ட்டு வாங்க," என்றாள்.

கடையில் ஒரு சிக்கல். அந்தக் கறியை இரண்டு பேருக்குக் குறையாமல்தான் கேட்க வேண்டுமாம். ஒருவருக்காக அடுப்பு மூட்டுவதில்லை. சொந்தக்கார அம்மாள், பேக் என்று பெயர், அறுபது வயதுக் கொரியப் பெண்மணி, கல்லாவிலிருந்து இரண்டு விரலைக் காட்டினார். வகுப்பில் விளையாட்டு நேரத்தில் ஜோடி கிடைக்காத பையனைச் சுவரோரம் நிற்கச் சொல்வேன். அப்படி நின்றேன். பிறகு, "ரெண்டு பேருதான். வீட்டுக்காரம்மா வந்துட்டிருக்காங்க," என்றேன்.

ரெமி எதிரில் இன்னொரு தட்டு, இன்னொரு ஜோடி இரும்புக் குச்சி, இன்னொரு தம்ளர் பார்லித் தண்ணீர் எல்லாம் வைத்தாள். கறியைப் போட்டதும் சீறியது. மேலிருந்து தொங்குகிற குழாய் புகையை உறிஞ்சுகிறது. அதைத் தூக்கிவிடச் சொன்னேன். கண் எரியும் சார் என்றாள். எரியட்டும் என்றேன்.

இலையை உள்ளங்கையில் விரித்து, ஒரு துண்டு கறி, சுட்ட பூண்டு, சிவப்புத் துவையல் கொஞ்சம் வைத்து, மூட்டைபோல் மடித்து எப்படி என்று காட்டினாள். "கடிக்கக் கூடாது. பாதி பாதி இல்ல. ஒரே வாய்."

எதிர்த் தட்டு காலியாகவே இருந்தது.  வாசனை போக்கும் குப்பியை ரெமி எடுத்தபோது வேண்டாம் என்று கை காட்டிவிட்டு அப்படியே பஸ் ஏறினேன்.

குணவதி என் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பொத்தான் அவள் கன்னத்தில் பதிந்துவிட்டது. பிறகு முகத்தை எடுக்காமலே சொன்னாள், "எனக்கு ஒண்ணு மடிச்சுக் குடுங்க. ஒரே ஒரு வாய். மென்னுட்டுத் துப்பிடறேன்."

வாயால் எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதை நினைவூட்டினேன்.

"துப்பிடறேன்னு சொல்றேன்ல."

அந்தக் கறி எப்படி இருந்தது என்று விளக்கமாகச் சொன்னேன். நெய்யில் பொரித்த அப்பளத்தின் ஓரம், அதற்குள் வெண்ணெய். நல்ல உதாரணம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

பேசவில்லை. கஞ்சி நான்கு வேளை.

ஜூலை 6, ஞாயிறு

மறுபடியும் கேட்டாள். மறுபடியும் மறுத்தேன். ஏன் என்று விளக்கினேன். ஆள் இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்கிறோம், ஏன், என்றைக்காவது ஒருநாள் லாரி வரும் என்பதால். விழுங்க மாட்டேன் என்று நீ நினைக்கிறாய். ஒரு துளி சாறு இறங்கினாலும் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். டாக்டர் காகிதத்தில் இரண்டு குழாய்களையும் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். படம் போட்டுச் சொன்னதை நான் மறப்பதில்லை.

அவள் பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும், "அந்த லாரி வராமலேயே இருந்துடப் போவுதா?" என்றாள்.

நான் அவள் தலையணையைச் சரிசெய்தேன்.

"எனக்குப் பாடம் வேணாங்க. சோறு வேணும்."

கஞ்சியை எடுத்துவரப் போய்விட்டேன். அடுப்படியில் வடிகட்டியைத் தேடினேன். கையிலேயே இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டேன். பழைய தோல், தளர்ந்துவிட்டது. மகன் இளவழகன் அபுதாபியிலிருந்து பேசினான். வீடியோவில் என்னைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பற்றிக் கேட்காமல் என்னைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜூலை 9, புதன்

மாடிக் கடைக்கு என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். சத்திரம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம். எத்தனை பஸ் போயிற்று என்று தெரியாது. பிறகு வீட்டுக்கு வந்து, கடல்பாசி சூப் சாப்பிட்டதாகச் சொன்னேன். எள்ளெண்ணெய் மிதந்தது, பாசி வெண்டைக்காய்போல் வழுக்கியது என்றெல்லாம்.

கையை நீட்டி என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்தாள்.

"டீசல்," என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளைகள் நிற்பதைப் போல. அவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் ஏதோ நடந்திருந்தது என்பதும், நான் ஒருமுறைகூட அதைக் கேட்டதில்லை என்பதும் ஞாபகம் வந்தது.

அவள் திட்டவில்லை. "உங்களுக்கும் எறங்கலையா?" என்றாள். காலரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "அப்ப எனக்காச்சும் குடுங்களேன். யாராச்சும் ஒருத்தர் சாப்பிடுவோம்."

கொடுக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

இன்று நான்கு வேளைக் கஞ்சியில் ஒரு வேளைக் கஞ்சி குழாய் வழியாகவே வெளியே திரும்பிவிட்டது. பாலைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

நல்ல செய்தி. ஆஸ்பத்திரியில் டாக்டர் பரிசோதித்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வழக்கமாக நின்றுகொண்டே பேசுகிறவர். என்னைப் பார்த்து, "சார், இனிமே தடையெல்லாம் வேணாம். அவங்க ஆசைப்பட்டுக் கேக்கறத நாக்குல கொஞ்சம் வைங்க," என்றார். மூச்சுக்குழாயைப் பற்றிக் கேட்டேன். பரவாயில்லை என்றார். நான்கு மாதம் கூடாது கூடாது என்றவர் இன்று கூடும் என்கிறார் என்றால், அது முன்னேற்றம்தானே. அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் இளவழகன் கூப்பிட்டான். திடீரென்று லீவு கிடைத்துவிட்டதாம். மனைவி பிள்ளைகளோடு வருகிறான். வந்தால் குணவதி சந்தோஷப்படுவாள்.

ஜூலை 15, செவ்வாய்

கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். பொட்டலமாகக் கட்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். பேக் அம்மாள் தலையை ஆட்டி மறுத்தார். ஆறினால் கொழுப்பு மெழுகுபோல் உறைந்துவிடும், அதை மனிதர் தின்ன முடியாது என்றார். ரெமி மொழிபெயர்த்தாள். பிறகு அவராகவே கேட்டார்: அன்றைக்கு வருவதாகச் சொன்ன உங்கள் மனைவி எங்கே?

சொன்னேன். மார்ச்சிலிருந்து. குழாய். சட்டை. நேற்று டாக்டர் சொன்னது. ரெமி ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவள், டாக்டர் சொன்ன இடத்தில் நின்றுவிட்டாள். நான் அது நல்ல செய்திதான் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாக இரண்டு வார்த்தை சொன்னாள். பேக் அம்மாள் எழுந்து சமையலறைக்குள் போனார்.

திரும்பி வரும்போது கையில் ஒரு பெட்டி. பச்சைக் கறி, கழுவித் துடைத்த இலைகள், பூண்டு, துவையல். கூடவே கைக்கு அடக்கமான ஒரு கேஸ் அடுப்பும் இரும்புத் தட்டும். திருப்பித் தந்தால் போதுமாம். கறி இரண்டு பேருக்கு உரிய அளவுதான் இருந்தது. குறைத்துத் தரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. கறியை ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

ஜூலை 16, புதன்

காலை பத்து மணி. ஜன்னல்களைத் திறந்தேன். கட்டிலுக்கு எதிரே முக்காலி போட்டு அடுப்பை வைத்தேன். அவளை இரண்டு தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தேன். தட்டு காய்ந்ததும் கறியைப் போட்டேன். சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். அறை முழுவதும் புகை. மெதுவாகப் புரட்டினேன். கத்தரிக்கோலால் வெட்டினேன். ரெமி செய்ததைப் போலவே எல்லாம் செய்தேன்.

அவளுக்கு மட்டும் இலையைக் கிள்ளி, பட்டாணி அளவுக்குக் கறி வைத்து, சின்னதாக ஒன்று மடித்தேன். விரல் நுனியில் எடுத்து உதட்டருகில் கொண்டுபோனேன். 

அவள் வாயைத் திறக்கவில்லை.

டாக்டரே சொல்லிவிட்டார், பயப்படாதே என்றேன். தலையை ஆட்டினாள். பயம் இல்லையாம்.

"கோவமா குணா?"

"அய்ய. இல்லங்க." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "பசியே போயிடுச்சு. போன வாரம் இருந்திச்சு."

அந்தச் சின்ன மூட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தட்டில் கறி கருக ஆரம்பித்தது. அடுப்பை அணைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

"கருகுது பாருங்க," என்றாள். "நீங்க சாப்பிடுங்க. நான் பாக்கறேன்."

பெரிய இலையாக எடுத்து மடித்து ஒரே வாயாகப் போட்டுக்கொண்டேன். கன்னம் புடைத்துவிட்டது. மெல்லவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. கண்ணில் நீர் வந்தது. புகைதான் காரணம் என்று சைகை காட்டினேன். அவள் தோள் குலுங்கியது.

விழுங்கி முடித்தபோது, "எப்படி இருக்கு?" என்றாள்.

ஒரு உதாரணமும் வரவில்லை. நாற்பது வருஷத்தில் எனக்கு இப்படி ஆனதில்லை.

"நல்லா இருக்கு," என்றேன்.

"அவ்ளோதான்," என்றாள். "மொதல்லயே அப்படிச் சொல்லியிருக்கலாம்."

மிச்சம் இருந்ததையெல்லாம் அவள் பார்க்கப் பார்க்கத் தின்று தீர்த்தேன். இரண்டு பேருக்கு உரியது. கடைசித் துண்டின்போது அவள் தூங்கியிருந்தாள்.

ஜூலை 17, வியாழன்

கஞ்சி நூறு மில்லி. பாதி திரும்பியது.

ஜூலை 18, வெள்ளி

இளவழகன் குடும்பத்தோடு வந்துவிட்டான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். பிள்ளைகள் போனில் கார்ட்டூன் பார்க்கின்றன. சத்தத்தைக் குறைக்க வேண்டாம் என்று குணவதி சைகை காட்டினாள்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று கஞ்சி வடிகட்டவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினைந்து நாளாக நோட்டைத் திறக்கவில்லை. காரியம் முடிந்து இளவழகன் நேற்றுத்தான் அபுதாபிக்குக் கிளம்பினான். என்னையும் கூப்பிட்டான். பார்க்கலாம் என்றேன்.

காலையில் இரும்புத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்து, அடுப்பைத் துடைத்து, பையில் போட்டு எடுத்துக்கொண்டு மாடிக் கடைக்குப் போனேன். பேக் அம்மாள் வாங்கிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். ரெமி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்காராமல் வந்துவிட்டேன்.

டாக்டர் கூடாது என்று சொன்னது சரி. அதன்படி நான் நடந்துகொண்டதும் சரி. எங்கே கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் நன்னடத்தைப் பரிசை நான் இப்படிப்பட்ட பையனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். ஒரு விதியையும் மீறாதவன். ஆனால் அவள் கேட்ட ஜூலை ஒன்றாம் தேதியும், ஆறாம் தேதியும், ஒன்பதாம் தேதியும் இந்த நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கின்றன. அன்றைக்கெல்லாம் அவளுக்குப் பசி இருந்தது. பதினாறாம் தேதி இல்லை. நடுவில் எந்த நாளில் அது போயிற்று என்று பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நான் அதை எழுதிவைக்கவில்லை. கஞ்சியின் அளவைத்தான் எழுதியிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் வீட்டில் இருக்கிற ஒருவரிடம், என்ன சாப்பிட வேண்டும்போல் இருக்கிறது என்று கேட்டு, அதை இன்றைக்கே கொடுங்கள்.